பெட்டி காட்டிய பெயர்

முதலில், ஒப்பந்தத் தொழிலாளர்கள் கம்பெனி பேருந்தில் ஏறக் கூடாது என்றார் எங்கள் ஆலையின் பொது மேலாளர். இரண்டாவதாக, அவர்கள் செல்போனை கேட்டிலேயே கொடுத்துவிட்டு வர வேண்டும் என்றார். மூன்றாவதாக, கூட்ட அறை மேசையில் ஸ்பீக்கருக்குப் போகும் யூஎஸ்பி வயர் கிடப்பது அசிங்கமாம். பிடுங்கிப்போட்டு எல்லாம் புளூடூத்தில் ஓடட்டும் என்றார்.

"வயர் இல்லேன்னா, ஒருதடவை சேர்த்த போனெல்லாம் தானா வந்து ஒட்டிக்கும் சார்," என்றாள் ஒப்பந்த எலக்ட்ரீஷியன் பூங்காவனம்.

"எனக்கே பாடம் எடுக்கிறியா?"

தன் குடையில்கூடப் பட்டமும் பதவியும் எழுதி வைத்திருக்கும் மனிதர், வேறென்ன சொல்வார்?

நான்காவது அநியாயம் செவ்வாய்க்கிழமை நடந்தது. இயக்குநர்கள் கூட்டத்தின் நடுவே, நெட்வொர்க்கில் கோத்திருந்த எட்டு ஸ்பீக்கரிலும் குத்துப்பாட்டு அலறியது. மேலாளர் பூங்காவனத்தைக் கூப்பிட்டார்.

"உன் போன்தானே? இன்னியோட உனக்கு வேலை இல்லை!"

"என் போன் கேட்டில இருக்கு சார். உங்க உத்தரவு."

"அப்போ யாருன்னு இப்பவே காட்டு. இல்லேன்னா கிளம்பு!"

"காட்டினா, அந்த ஆளுக்கு என்ன சார் தண்டனை?"

"இவங்க எல்லார் முன்னாடியும் உன்கிட்ட மன்னிப்புக் கேக்கணும்!"

"எல்லாரும் கேட்டுக்கிட்டீங்களா?" என்று திரும்பினாள் பூங்காவனம். இயக்குநர்கள் தலையாட்டினார்கள். வயருக்குப் பதிலாக மேசையில் வைத்திருந்த, சின்னத் திரை கொண்ட புளூடூத் பெட்டியை மூத்த இயக்குநர் முன்னால் நகர்த்தினாள்.

"கடைசியா ஒட்டின போனோட பேரு இதுல நிக்கும் ஐயா. கொஞ்சம் சத்தமா வாசிங்க."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார்:

"முனைவர் கோ. வரதராஜுலு, பொது மேலாளர்."