வாங்காமல் போனவர்கள்

ஆற்றுக்கு அணை இல்லாத காலம், அரசன் சொல்லுக்கு மறுசொல் இல்லாத காலம். நெடுங்கரைச் சந்தையில் காத்தாயி என்றொரு கயிற்றுக்காரி இருந்தாள். அவள் திரித்த கயிறும் நீளம். வாய் அதைவிட நீளம்.

கயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு எவனாவது வாங்காமல் நடந்தால் விடமாட்டாள். பின்னாலேயே ஓடுவாள்.

"நில்லுய்யா! என் கயித்துக்கு என்ன கேடு? சொல்லிட்டுப் போ!"

"கை கிழியுது" என்றான் தண்ணீர் இறைப்பவன். அன்றே தேங்காய் நாரை இன்னும் ஊறவைத்து அடித்தாள்.

"கன்னுக்குட்டி கட்ட ஆறு முழம் போதும், நீ நாப்பது முழமா விக்கிறே" என்றான் மாட்டுக்காரன். மறுநாளே அறுத்து விற்றாள்.

"நனைஞ்சா முடிச்சு அவிழ மாட்டேங்குது" என்றான் பரிசல்காரன். அவனை ஒரு மாதம் வைதுகொண்டே வேறு முறுக்குத் திரித்தாள்.

ஒரு கட்டு விற்ற இடத்தில் ஒரு வண்டி விற்றது.

எதிர்க்கடையில் கயிறு விற்ற பொன்னம்பலம் அரண்மனைக்கு வேண்டியவன். வயிறெரிந்து அரசனிடம் போனான். அவள் வியாபாரம் பெருகிய காரணம் கண்டுவர மூன்று பண்டிதர்கள் வந்தார்கள். கயிறு வாங்கியவர்களை விசாரித்தார்கள்.

அவள் கடைமேல் விழும் புளியமரத்து நிழல் என்றார் ஒருவர். கிழக்குப் பார்த்த கடை என்றார் ஒருவர். அவள் பிறந்த நட்சத்திரம் என்றார் மூன்றாமவர்.

"நட்சத்திரத்தைப் பிடுங்க முடியாது, இடத்தைப் பிடுங்கலாம்" என்றான் அரசன். நிழல் பொன்னம்பலத்துக்குப் போனது. காத்தாயிக்குச் சாணக்குவியலுக்குப் பின்னால் ஒரு மூலை.

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. இருபது வருடம் தேய்ந்தது இவள் உள்ளங்கை. பேர் வாங்கியது புளியமரமா?

ஆறே மாதம். சனம் மூக்கைப் பொத்திக்கொண்டு சாணக்குவியலுக்கு வந்தது. பொன்னம்பலம் நிழலில் ஈ ஓட்டினான். அரசனே நேரில் வந்தான்.

"என்ன மந்திரம் செய்கிறாய்?"

"மந்திரமா! உங்க பண்டிதருங்க யாரைக் கேட்டாங்க ராசா? வாங்கினவனை. நிழல்ல நின்னு வாங்கினவன் நிழல் நல்லாயிருக்குன்னுதான் சொல்லுவான். வாங்காமப் போனவனை ஒருத்தராவது ஓடிப் பிடிச்சாங்களா?"

அரசன் முகம் சுண்டியது. "உன் இடத்தை உனக்கே தருகிறேன்."

"எங்கிட்டப் பிடுங்கினதை எனக்கே தானம் பண்றீங்களாக்கும்!"

அரசன் ஒரு கயிற்றை வருடிப் பார்த்துவிட்டுத் திரும்பி நடந்தான். நாலடிகூடப் போயிருக்கமாட்டான்.

"நில்லுங்க ராசா! தொட்டுப் பார்த்துட்டு வாங்காமப் போறீங்களே, என் கயித்துக்கு என்ன கேடு?"

கேட்டீர்களா மக்களே, சிறுதொழிலை வளர்ப்பது வாங்கினவர் சொல்லும் புகழ் அல்ல, வாங்காமல் போனவர் சொல்லும் குறை.