கூழ் வண்டி நின்ற இடம்

அந்த நகராட்சியின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் நாலு ஊர்க்காரர்கள், எங்களைத்தானே சொல்கிறாய் என்று சண்டைக்கு வருவார்கள். சென்னைக்குத் தெற்கே மின்சார ரயில் நிற்கிற ஏதோ ஒரு புறநகர் என்று வைத்துக்கொள்ளுங்கள். முழுக்கக் கேளுங்கள், கடைசியில் ஒரு கேள்வி இருக்கிறது.

அங்கே ஸ்டேஷன் ரோட்டில், மருந்துக்கடைக்கு எதிரே, பதினான்கு வருஷமாகத் தள்ளுவண்டியில் கம்பங்கூழ் விற்றவள் அஞ்சலாட்சி. புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான். வீட்டில் அடுப்பெரிவது அந்த வண்டியால்தான். எட்டியப்பன் சைக்கிளில் இளநீர் கட்டிக்கொண்டு தெருத்தெருவாகச் சுற்றுகிறவன். வெயில் ஏறினால் அவள் வண்டி நிழலில் வந்து ஒதுங்குவான். அவளை அக்கா என்று கூப்பிடுவான்.

நகராட்சிக்கு ஒருநாள் ஞானம் பிறந்தது. சாலையோர வியாபாரிகளுக்கு இடம் ஒதுக்கி அடையாள அட்டை கொடுக்கப் போகிறோம், வேண்டியவர்கள் வருகிற செவ்வாய்க்கிழமை நேரில் வந்து மனுக் கொடுங்கள் என்று அறிவித்தார்கள். அந்தச் செவ்வாய்க்கிழமை காலை அஞ்சலாட்சி கிளம்பினாள். "தம்பி, வண்டியைக் கொஞ்சம் பாத்துக்கோ. மனுவைக் குடுத்துட்டு ஓடி வந்துடறேன்."

"நீ போய்ட்டு வாக்கா. உன் இடத்துக்கு நான் ஜவாப்தாரி" என்றான் எட்டியப்பன்.

அவள் நகராட்சி வாசலில் வரிசையில் நின்ற அதே நேரத்தில், அதே நகராட்சியின் ஆள் கணக்கெடுக்க ஸ்டேஷன் ரோட்டுக்கு வந்து சேர்ந்தார். முன்கூட்டிச் சொல்லாமல் வருவதுதான் அவர்கள் வழக்கம். சொல்லிவிட்டு வந்தால் புதிதாக நூறு வண்டி முளைத்துவிடுமாம். வண்டியையும் பக்கத்தில் நிற்கிற ஆளையும் சேர்த்துப் படம் பிடிப்பார்கள். படத்தில் இருப்பவருக்கே இடம்.

"இது அஞ்சலாட்சி அக்கா வண்டி சார். உங்க ஆபீசுக்குத்தான் போயிருக்காங்க" என்றான் எட்டியப்பன்.

"ஆள் இல்லைன்னா காலியிடம்னுதான் எழுதணும். அப்புறம் இந்த இடமே பட்டியல்ல வராது" என்றார் வந்தவர்.

எட்டியப்பன் கொஞ்சம் யோசித்தான். பிறகு, "சரி, என்னுதுன்னு எழுதிக்குங்க" என்று வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

அவனைக் குறை சொல்லாதீர்கள். நீங்களோ நானோ இருந்தாலும் அதைத்தான் செய்திருப்போம். பேரைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று அவன் நினைத்தான். மாற்ற முடியாது என்பது பட்டியல் ஒட்டிய பிறகுதான் தெரிந்தது. அட்டை யார் பேரில் இருக்கிறதோ அவரே நின்று விற்க வேண்டும், கைமாற்றக் கூடாது. பொய்த் தகவல் கொடுத்தது தெரிந்தால் இடமே ரத்து. அடுத்த கணக்கெடுப்பு ஐந்து வருஷம் கழித்து. இதற்குள் அஞ்சலாட்சியின் மனு வேறு உள்ளே போய்விட்டது. ஓர் இடத்தை இரண்டு பேர் கேட்கிறார்கள் என்று விவகாரம் நகர்மன்றக் கூட்டத்துக்கு வந்தது.

கூட்டத்துக்குப் படியேறும்போது அவள் அவன் கையைப் பிடித்துச் சொன்னாள்: "உன்னுதுன்னே சொல்லிடு. நான் வாயைத் திறக்க மாட்டேன். வீட்ல கூழ் காய்ச்சித் தர்றேன், நீ நின்னு வித்துக் குடு. ஆளுக்குப் பாதின்னு பொழைச்சுக்கலாம்."

அவனும் தலையாட்டினான்.

குப்பை லாரி எந்தத் தெருவில் திரும்புவது என்பதிலேயே மன்றத்தில் ஒரு மணி நேரம் போயிற்று. பிறகு இவர்கள் முறை. தலைவர் ஒரு பெண்மணி, நல்லவர்தான். அஞ்சலாட்சியிடம் இருந்த ஒரே அத்தாட்சி, மனுவை வாங்கிக்கொண்டு நகராட்சி கொடுத்த ரசீது. அதில் தேதியும் நேரமும் முத்திரையும் பளிச்சென்று இருந்தன. அந்த நேரத்தில் அவள் வண்டிப் பக்கத்தில் இல்லை என்பதற்கும் அதுவே அத்தாட்சியாகப் போயிற்று.

ஒன்பதாவது வார்டு உறுப்பினர் எழுந்தார். "கூச்சமே இல்லாம அடுத்தவன் இடத்துக்கு மனுப் போட்டிருக்கு இந்தம்மா. இதுக்குப் பேரு திருட்டு இல்லாம வேற என்ன?" நாலைந்து பேர் மேஜையைத் தட்டினார்கள். அஞ்சலாட்சி சொன்னபடியே வாயைத் திறக்கவில்லை.

தலைவர் எட்டியப்பனைக் கேட்டார். "அந்த வண்டி உங்களுதுதானா?"

அவன் அக்காவைப் பார்த்தான். ஆமாம் என்று சொல் என்பதுபோல அவள் லேசாகத் தலையசைத்தாள். அவனுக்குத் தாங்கவில்லை.

"இல்லீங்கம்மா. அது அக்கா வண்டி. நான்தான் பொய் சொன்னேன்."

மன்றமே உச்சுக்கொட்டியது. தலைவருக்குக் கண் கலங்கிவிட்டது என்றுகூடச் சொல்கிறார்கள். எட்டியப்பனின் நேர்மையைப் பாராட்டி ஒரு தீர்மானம் போட்டார்கள். பொய்த் தகவல் என்பதால் இடத்தை ரத்து செய்து இன்னொரு தீர்மானம் போட்டார்கள். படத்தில் இல்லாததால் அஞ்சலாட்சியின் மனு தள்ளுபடி. எல்லாம் ஏகமனதாக நிறைவேறின. மறுநாளே மருந்துக்கடைக்கு எதிரே கயிறு கட்டிவிட்டார்கள். வேறு எங்கே நிறுத்தினாலும் அட்டை இல்லை என்று வண்டியைத் தூக்கிப் போய்விடுவார்கள்.

இப்போது சொல்லுங்கள். பொய்யோடு போகட்டும் என்றாள் அஞ்சலாட்சி. அவளைத் திருடி என்றதும் உண்மையைச் சொன்னான் எட்டியப்பன். விதிப்படி ரத்து செய்தது மன்றம். இதில் யார் செய்தது சரி?

விடை: மன்றம்தான் சரி என்பவர்கள், அவளை வரச்சொன்ன நாளிலேயே கணக்கெடுக்கவும் ஆள் அனுப்பியது யார் என்று யோசிக்கட்டும். எட்டியப்பனைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. இருந்தாலும் அவன் செய்தது சரியில்லை. போகிற சோறு அவளுடையது. மானம் போனாலும் பரவாயில்லை, சோறு இருக்கட்டும் என்று முடிவெடுக்க வேண்டியவளும் அவள்தான். அவள் தாங்கிக்கொண்டதை அவனால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை, அவ்வளவுதான். அஞ்சலாட்சி சொன்னதே சரி. சரியாக இருந்து என்ன கண்டாள்? இப்போது கல்யாண மண்டபத்தில் பாத்திரம் தேய்க்கிறாள், அதுவும் கூப்பிட்டால்தான். போன மாதம் வழியில் எட்டியப்பனைப் பார்த்தபோது, "உன்னைப் பாராட்டித் தீர்மானம் போட்டாங்களே, அதுல என் பேரு வருதா?" என்று கேட்டாளாம். அவன் அதை வாங்கிப் படித்திருந்தான். "இல்லக்கா. ஒரு பெண் வியாபாரின்னு போட்டிருக்கு" என்றான்.