கெட்டியில்லாத செங்கல்

வீடியோ கேம் என்பது கைக்குள் அடங்கும் ஒரு கேசட்டாக இருந்த காலம். அப்படி ஒரு கேசட்டுக்குள், பொன்வால் என்ற கீரிப்பிள்ளை ஓடிக் குதிக்கும் விளையாட்டில், ஐந்தாவது லெவலின் சுவரில் ஒரு செங்கல் இருந்தது.

பார்வைக்கு அது மற்ற செங்கற்களைப் போலத்தான் இருந்தது. அதே பழுப்பு நிறம், அதே ஓரக்கோடு. தீபாவளிக்குள் கேசட் கடைக்குப் போயாக வேண்டும் என்ற அவசரத்தில், வரைந்தவர்கள் அதைக் கெட்டியாக்க மறந்துவிட்டார்கள். உருவம் இருந்தது, தடுக்கும் குணம் இல்லை. செங்கல்லுக்கே இது தெரியாது. யாராவது வந்து மோதினால்தானே தெரியும்.

ஒரு நாள் அதுவும் நடந்தது. வெளியே இருந்து பொன்வாலை ஆட்டிவைத்த யாரோ ஒருவர் பட்டனைத் தப்பாக அழுத்திவிட, கீரி தலைகுப்புறச் சுவரில் பாய்ந்தது. மோதவில்லை, உள்ளே போய்விட்டது. சுவருக்குப் பின்னால் யாரும் எதையும் வரைந்திருக்கவில்லை. ஒரே கறுப்பு. எதுவுமே இல்லாத அந்தக் கறுப்பில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் பொன்வால் திரும்பி வந்தது.

"தம்பி, நீ என்ன, கதவா?"

"செங்கல்லுண்ணே."

"செங்கல்லுன்னா என் மண்டை இந்நேரம் வீங்கியிருக்கணுமே."

பக்கத்திலிருந்த மூலைக்கல் சிரித்தது. சுவரின் பாரம் முழுக்கத் தன் தலையில்தான் நிற்கிறது என்று நம்பிக்கொண்டிருந்த கல் அது. "பக்கத்துல துணைக்கு ஒருத்தன் இருக்கான்னு நெனச்சேன். வெறும் படமாடா நீ?"

அன்றிலிருந்து செங்கல் தன்னைப் பற்றி யோசிக்கத் தொடங்கியது. சுவரில் இருப்பதால் தான் செங்கல்தான் என்று தோன்றும். எவன் வேண்டுமானாலும் நுழைந்து போகலாமே, செங்கல் எப்படி ஆவேன் என்று அடுத்த நிமிஷம் தோன்றும். கெட்டியாக வேண்டும், அது போதும் என்று நினைத்துக்கொண்டது.

இதற்கிடையில் செய்தி வெளியே பரவியது. பள்ளிக்கூடங்களில் பேசினார்கள், கேம் கடைகளில் பேசினார்கள், பிறகு பத்திரிகைத் துணுக்குகளில் வந்தது. விளையாட்டை உருவாக்கியவர் இறந்துபோன தன் நண்பனின் நினைவாக விட்டுவைத்த வழி அது என்றது ஒரு துணுக்கு. அடி வாங்காமல் அதற்குள் போனால் பொன்வாலின் அப்பாவைப் பார்க்கலாம் என்றது இன்னொன்று. அதற்குள் பொன்வாலுக்கு இரண்டாவது கேம், மூன்றாவது கேம், கார்ட்டூன், டிபன் பாக்ஸ், ஸ்கூல் பை எல்லாம் வந்துவிட்டன. துணுக்குகளும் கூடவே குட்டி போட்டன.

எந்தச் செங்கல் என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. ஆகவே விளையாட வருகிறவர்கள் சுவரின் ஒரு முனையிலிருந்து முட்டிக்கொண்டே வருவார்கள். சாயங்காலம் முழுக்க முட்டுவார்கள். கடைசியில் வழி கிடைத்ததும், அந்தக் கறுப்புக்குள் போய் ஒன்றும் செய்யாமல் நிற்பார்கள். போனவர்கள் சீக்கிரம் திரும்புவதில்லை. அவர்கள் அப்படி நிற்பது செங்கல்லுக்குப் பிடித்திருந்தது. ஏன் பிடித்தது என்று அதற்குப் புரியவில்லை.

ஒரு நாள் அது பொன்வாலிடம் கேட்டது. "அண்ணே, உங்க அப்பா எனக்குப் பின்னாடி இருக்காராமே?"

"எனக்கு அப்பா இருக்கார்ங்கறதே அந்தத் துணுக்கைப் பார்த்துத்தான் தெரியும்."

"அப்ப உங்க வால்? சூரியன் தொட்டதால பொன்னாச்சுன்னு சொன்னாங்களே."

"அது மூணாவது கேம்ல. ரெண்டாவதுல எரிமலைக்குள்ள விழுந்து பொன்னாச்சு. கார்ட்டூன்ல பொறக்கும்போதே பொன்னு." பொன்வால் வாலைத் தூக்கிப் பார்த்துக்கொண்டது. "நெசத்தைச் சொல்லட்டுமா? தரையும் பழுப்பு, நானும் பழுப்பு. எங்க நிக்கிறேன்னே ஆட்டறவங்களுக்குத் தெரியல. மிச்சமிருந்த கலர் மஞ்சள் ஒண்ணுதான். வாலுல அடிச்சுட்டாங்க."

மேலே தொங்கிக்கொண்டிருந்த கருநாகன் என்ற பாம்பு இதைக் கேட்டு இறங்கி வந்தது. எல்லா கேமிலும் பொன்வாலுக்கு அதுதான் எதிரி. ஆட்டம் நடக்காத நேரத்தில் இரண்டும் பேசிக்கொள்ளும்.

"நீயாவது முதல்லேருந்து கீரி. என்னை ஏறிப்போற கயிறாத்தான் வரைஞ்சாங்க. விளையாடிப் பார்த்தவன் பாம்புன்னு பயந்து ஓடிட்டான். சரி, பாம்பாவே இருந்துட்டுப் போன்னுட்டாங்க. இன்னிக்கு வரைக்கும் எனக்கு விஷம் இருக்கா இல்லையான்னு எனக்கே தெரியாது."

"அப்ப நான் யாருண்ணே?" என்றது செங்கல்.

"வர்றவன் என்ன சொல்றானோ, அது. பழகிடும்," என்றது பொன்வால்.

செங்கல்லுக்குப் பழகவில்லை.

வருஷங்கள் போயின. கேசட்டுகள் மறைந்தன. பொன்வால் பிறந்து இத்தனை ஆண்டாயிற்று என்று விழா எடுத்தார்கள். முதல் கேமைப் புதுக் கருவிக்கு ஏற்ப மெருகேற்றி மறுபடி விற்பதென்று முடிவானது. அந்த வேலைக்கு, விளையாட்டிலுள்ள பிழைகளைத் தேடிச் சரிசெய்யும் திருத்தம் என்ற ஒன்று வந்து சேர்ந்தது. குரலை உயர்த்தாது, யாரோடும் சண்டைக்குப் போகாது. கோணலாக மிதந்த மேகத்தை நேராக்கியது. எடுக்க முடியாத இடத்தில் மாட்டிக்கிடந்த காசை இறக்கி வைத்தது. எல்லோரும் அதை சார் என்றே கூப்பிட்டார்கள்.

"வர்றார்டா உன் ஆளு," என்றது மூலைக்கல். "இனிமே நீயும் கல்லாயிடுவ."

பழைய செங்கல்லாக இருந்தால் சந்தோஷப்பட்டிருக்கும். இப்போது அது வேறு மாதிரி யோசித்தது. கெட்டியாகிவிட்டால் யார் தேடி வருவார்கள்? பின்னால் போய் யார் நிற்பார்கள்? அது பொன்வாலைக் கெஞ்சியது. பொன்வால் திருத்தத்திடம் போய் நின்றது.

"சார், இவனை மட்டும் விட்டுடுங்க."

திருத்தம் ஒரு விரலால் செங்கல்லைத் தட்டியது. விரல் உள்ளே போனது. "இது பிழையாச்சே."

"தெரியும் சார்."

"தெரிஞ்சேவா சிபாரிசுக்கு வந்தீங்க?"

"இதைப் பாக்கத்தான் சார் பாதிப் பேர் வர்றாங்க."

"மேல கேட்டுச் சொல்றேன்."

பதில் வரும்வரை செங்கல்லுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கடைசியில் திருத்தம் முகம் மலர வந்தது. "மேலிடத்துல ரொம்ப சந்தோஷம். இதை அடைக்கவே கூடாது, கௌரவிக்கணும்னு சொல்லிட்டாங்க."

வேலை மளமளவென்று நடந்தது. செங்கல்லைச் சுற்றி மின்னும் சட்டம் போட்டார்கள். மேலே ஒரு அம்புக்குறி விட்டுவிட்டு எரிந்தது. பின்னால் இருந்த கறுப்பை வழித்தெடுத்துவிட்டு, விளக்கு போட்ட கூடம் ஒன்று கட்டினார்கள். நடுவில் ஒரு பதக்கம். சுவரில் ஒரு பலகை. உருவாக்கியவர்கள் ரசிகர்களுக்காக ஆரம்பத்திலேயே திட்டமிட்டு அமைத்த வழி இது என்று அதில் எழுதியிருந்தது.

செங்கல் அதைப் படித்தது. மறுபடி படித்தது. "சார், என்னை மறந்துட்டாங்கன்னுல்ல நெனச்சிட்டிருந்தேன். திட்டம் போட்டா செஞ்சாங்க?"

"பலகையில அப்படித்தானே போட்டிருக்கு."

"இப்ப நான் செங்கல்லா, கதவா?"

"நினைவுச்சின்னம்," என்றது திருத்தம், அடுத்த லெவலுக்குப் போய்க்கொண்டே.

புது கேம் வெளியானது. முதல் நாள் கூட்டம் அலைமோதியது. அம்புக்குறியைப் பார்த்து நேராக வந்தார்கள், உள்ளே போனார்கள், பதக்கத்தை எடுத்தார்கள், வெளியே வந்தார்கள். பலகையை ஒருவரும் படிக்கவில்லை. கூடத்தில் ஒருவரும் நிற்கவில்லை. சில வாரங்களில் பதக்கம் எடுக்க வேண்டியவர்கள் எல்லோரும் எடுத்துவிட்டார்கள். அதன்பின் பொன்வால் அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் நிற்காமல் ஓடியது. "நான் என்ன தம்பி செய்ய, ஆட்டறவங்க விடமாட்டேங்கறாங்க," என்று ஓடிக்கொண்டே சொல்லும்.

பிறகு ஒருவர் வந்தார். யாரென்று தெரியாது. வேறு வழி ஏதும் ஒளிந்திருக்கிறதா என்று, அம்புக்குறியைத் தாண்டிப் பொன்வாலைக் கொண்டுபோய் மூலைக்கல்லில் முட்டினார். மறுபடி முட்டினார். இரண்டடி தள்ளி நின்று முட்டினார், கீழே குனியவைத்து முட்டினார்.

"ஏய், நான் கெட்டிடா. இங்க ஒண்ணும் கிடையாது," என்று மூலைக்கல் கத்தியது. அவர் காதில் விழவில்லை. வெகுநேரம் முட்டிவிட்டுத்தான் போனார்.

மூலைக்கல் அவர் போன பக்கமே பார்த்தது. பிறகு, யாரிடம் என்றில்லாமல் கேட்டது: "நாளைக்கும் வருவான்ல?"

செங்கல்லால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. அடுத்த முறை திருத்தம் அந்த வழியாக வந்தபோது கூப்பிட்டு நிறுத்தியது.

"சார், ஒரு உதவி. என்னைக் கெட்டியாக்கிடுங்க."

"எதுக்கு?"

"யாராவது ஒருத்தராவது என் மேல முட்டிப் பாக்கட்டும் சார்."

திருத்தம் விரலால் தட்டியது. விரல் உள்ளே போனது. அம்புக்குறியைப் பார்த்தது, சரியாக எரிந்துகொண்டிருந்தது. கூடத்தை எட்டிப் பார்த்தது, விளக்கும் பதக்கமும் அதனதன் இடத்தில் இருந்தன. அது திருப்தியோடு தலையாட்டியது.

"பிழை இருந்தாத்தான்பா நான் கை வைக்க முடியும். உங்கிட்டதான் ஒண்ணுமே இல்லையே."