பதினோராம் விதி

ஒரு பொறியியல் கல்லூரியின் சிவில் மற்றும் சுற்றுச்சூழல் துறையில், முதுநிலைப் பட்டத்துக்கென்று பன்னிரண்டு விதிகள் வாழ்ந்துவந்தன. வருகைப்பதிவு விதிக்கு எல்லாரும் பயந்தார்கள். வாய்மொழித் தேர்வு விதியின் முன்னால் தலைசீவி, இஸ்திரி போட்ட சட்டையோடு நின்றார்கள். பதினோராம் விதியை மட்டும் யாருக்கும் பிடிக்காது.

அது சொன்னது இவ்வளவுதான்: "மாணவர் தாம் உருவாக்கிய கருவியை, மக்கள் பயன்படுத்தும் தண்ணீரில் ஒரு கோடை முழுக்க ஓட்டிக் காட்ட வேண்டும்."

அந்த ஆண்டு வருகைப்பதிவு விதி ஒரு சேதி கொண்டுவந்தது.

"உன் கதை முடிஞ்சுது. வரப்போற துறைக் கூட்டத்துல உன்னை நீக்கப்போறாங்க. உன்னாலதான் பிள்ளைங்க நேரத்துக்குப் பட்டம் வாங்க முடியலையாம்."

"நான் என்ன தப்பு செஞ்சேன்?"

"தப்பு ஒண்ணும் செய்யலை. நீ யாருக்கும் தேவைப்படலை, அவ்வளவுதான்."

தன்னை எதற்காக எழுதினார்கள் என்று பதினோராம் விதிக்கே மறந்துபோயிருந்தது.

இரண்டாம் ஆண்டில் நிலோஃபர் என்றொரு மாணவி இருந்தாள். குடிநீரிலிருந்து ஃபுளோரைடை எடுக்க ஒரு கண்ணாடி வடிகுழாய் செய்திருந்தாள். உள்ளே வெள்ளை வெள்ளையாக, ஃபுளோரைடைப் பிடித்துவைக்கும் அலுமினா மணிகள். ஆய்வகத்தில் அது ஒருமுறைகூடத் தவறவில்லை. அவள் வழிகாட்டி குணவதியிடம் போய் நின்றாள்.

"மேடம், சென்னையில வேலை ரெடியா இருக்கு. இந்தப் பதினொண்ணாம் விதியிலிருந்து மட்டும் விலக்கு வாங்கித் தாங்க."

"அதை எடுக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டவங்கள்ல நானும் ஒருத்திதான். ஆனா எடுக்கிற வரைக்கும் அது இருக்கேம்மா! கோடை முடியிற வரைக்கும் பொறுப்பாங்களான்னு கம்பெனியில கேளு."

கம்பெனி ஜூன் வரை பொறுத்துக்கொள்வதாகச் சொன்னது. நிலோஃபர் வேண்டா வெறுப்பாக வடிகுழாயைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு செம்பாறைப்பட்டிக்குப் பஸ் ஏறினாள். தனக்குக் கட்டுப்பட்டவர் போகும் இடமெல்லாம் விதியும் போயாக வேண்டும். அதுவும் ஏறியது.

செம்பாறைப்பட்டியில் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஓர் அடிபம்பு இருந்தது. அந்தத் தண்ணீரைக் குடித்துக் குடித்துப் பிள்ளைகளின் பற்களில் பழுப்புக் கோடு விழுந்திருந்தது. பெரியவர்கள் பலருக்கு முழங்கால் மடங்காது. வறட்சி என்பதால் கோடை விடுமுறையிலும் பள்ளியில் சத்துணவு உண்டு. அதைச் சமைக்கும் பச்சையம்மா, நிலோஃபர் வடிகுழாயைப் பொருத்துவதைக் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுல வர்ற தண்ணிய நம்பிப் புள்ளைங்களுக்குக் குடுக்கலாமா கண்ணு?"

"தாராளமாக் குடுங்கக்கா."

மனிதர்கள் போனபின் அடிபம்பு வடிகுழாயிடம் பேச்சுக் கொடுத்தது.

"இதுவரைக்கும் எந்த ஊர்த் தண்ணி குடிச்சிருக்கே?"

"நிலோஃபர் அளந்து கலக்கின தண்ணி."

"நான் குடுக்கிறது பாறை கலக்கின தண்ணி. அது அளந்து கலக்காது தம்பி."

வடிகுழாய் சிரித்தது. முதல் சில வாரங்கள் சிரிப்பு நிலைத்தது. வாராவாரம் நிலோஃபர் சோதித்தபோதெல்லாம் தண்ணீர் நன்றாகவே இருந்தது.

மே மாத வெயிலில் நிலத்தடி நீர் கீழே இறங்கியது. மிச்சமிருந்த தண்ணீரில் உப்பும் காரத்தன்மையும் ஏறின. அவை அலுமினா மணிகளில் வந்து ஒட்டிக்கொள்ள, ஃபுளோரைடுக்கு இடமில்லாமல் போயிற்று. ஒரு நாள் சோதனையில், வடிகுழாய்க்குள் போன தண்ணீரும் வெளியே வந்த தண்ணீரும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. பார்வைக்குப் பளிங்கு மாதிரி; ஃபுளோரைடுக்கோ ருசியும் கிடையாது. சோதிக்காதவருக்கு எதுவும் தெரிந்திருக்காது.

நிலோஃபர் அடிபம்பின் மேடையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

வடிகுழாய் விதியிடம் கெஞ்சியது. "முதல் வாரங்கள்ல எடுத்த அளவுகளே போதும்னு அவகிட்டச் சொல்லேன். ரெண்டு பேரும் மானத்தோட ஊர் போய்ச் சேரலாம்."

"மனுஷங்ககிட்டப் பேச எனக்கு வாய் இல்லை. ஒரே ஒரு வரி இருக்கு. அதுல 'கோடை முழுக்க'ன்னு எழுதியிருக்கு."

வாழ்நாளில் முதன்முறையாக அந்த விதிக்குப் பயம் வந்தது. அவள் எழுந்து பஸ் நிறுத்தத்துக்குப் போய்விட்டால், தடுக்க அதனிடம் கையில்லை, காலில்லை.

நிலோஃபர் எழுந்தாள். நேராகச் சமையல் கூடத்துக்குப் போனாள்.

"அக்கா, இந்தத் தண்ணி குடுக்காதீங்க. என் குழாய் வேலை செய்யலை."

பச்சையம்மாவின் கையில் கரண்டி நின்றது.

"எத்தனை நாளா?"

"போன வாரம் நல்லாத்தான் இருந்துச்சு. இடையில எப்பக் கெட்டுச்சுன்னு தெரியலை."

"நீ சொன்னேன்னு நான்தானேம்மா புள்ளைங்க டம்ளர்ல ஊத்தினேன்." அவள் குடத்திலிருந்த தண்ணீரைக் கீழே கொட்டினாள். பிறகு கேட்டாள்: "சரி. சொல்லாமலே போயிருக்கலாம், வந்து சொல்லிட்டே. இப்ப என்ன பண்ணப்போறே?"

நிலோஃபர் அங்கேயே தங்கினாள். பிள்ளைகளுக்குத் தண்ணீர் பக்கத்து ஊரிலிருந்து மாட்டுவண்டியில் வந்தது. அவள் தண்ணீரின் வேகத்தைக் குறைத்தாள். முதல் குழாயை அடுத்து இன்னொரு குழாயை வைத்தாள். முதலாவது களைத்துப்போனால் இரண்டாவது பிடித்துக்கொள்ளும். களைத்ததை எடுத்து மணிகளை மாற்றிக்கொள்ளலாம். ஜூன் பிறந்தும் மழை இறங்காமல் கோடை நீண்டது. கம்பெனிக்காரர்கள் மறுபடி போன் செய்தபோது, "என்னால இப்ப வர முடியாதுங்க" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பி அழுதாள். அந்த வேலை வேறொருவருக்குப் போயிற்று.

அதன்பின் கோடை முடியும்வரை தண்ணீர் தவறவில்லை.

"தம்பி, எனக்கு இத்தனை வருஷமா ஒரு பாரம் இருந்துது. தாகத்துக்குக் குடுத்தே பிள்ளைங்களைக் கெடுக்கிறோமேன்னு. இறக்கிவச்சுட்டே. நல்லா இரு" என்றது அடிபம்பு.

"நன்றியை இவருக்குச் சொல்லுங்க" என்று வடிகுழாய் விதியைக் காட்டியது. "இவர் மட்டும் இல்லேன்னா நான் கண்ணாடி அலமாரியில பெருமை பேசிக்கிட்டு இருந்திருப்பேன்."

விதிக்குத் தலைகால் புரியவில்லை. கோடையின் கடைசி நாளில், தான் நிறைவேறிவிட்ட பெருமிதத்தோடு அது நிமிர்ந்து நின்றது. நிலோஃபர் ஸ்பேனரால் குழாய்களைக் கழற்றத் தொடங்கினாள். அவை கல்லூரியின் சொத்து.

பச்சையம்மா குடத்தோடு வந்து நின்றாள். "ஏம்மா கழட்டறே?"

"கோடை முடிஞ்சுதுக்கா. விதி அவ்வளவுதான்."

"நாளைக்குப் புள்ளைங்க எதைக் குடிக்கும்?"

வடிகுழாய் மெல்லக் கேட்டது: "உன் வரியில அதுக்கப்புறம் என்ன எழுதியிருக்கு?"

"முற்றுப்புள்ளி" என்றது விதி. சொன்னதும் கூனிக் குறுகிப்போயிற்று. தன்னைக் கடந்துபோன மாணவர்களை நினைத்துப் பார்த்தது. எத்தனை கோடைகள், எத்தனை ஊர்கள்! ஒவ்வோர் ஊரிலும் கடைசி நாளில் ஒரு ஸ்பேனர். தன்னை வெறுத்தவர்கள் மாணவர்கள் மட்டும்தானா?

நிலோஃபர் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுக் குணவதிக்குப் போன் செய்தாள். நடந்ததெல்லாம் சொன்னாள். முழுவதையும் கேட்டுவிட்டுக் குணவதி சொன்னார்:

"விட்டுட்டு வாம்மா. கல்லூரியில நான் பேசிக்கிறேன்."

அவள் கழற்றிய மரைகளைத் திரும்ப முடுக்கினாள். மணிகளை எப்போது, எப்படி மாற்றுவது, தண்ணீரை எப்படிச் சோதிப்பது என்று பச்சையம்மாவுக்கும் தலைமையாசிரியைக்கும் செய்து காட்டினாள். ஊர் கிளம்பும்போது பச்சையம்மா அவள் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள்.

துறைக் கூட்டத்தில் குணவதி தன் கையெழுத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, நிலோஃபரைப் பேசச் சொன்னார். அவள் விதியைப் புகழவில்லை.

"இது பாதி விதிங்க. மீதியையும் எழுதிடுங்க" என்றாள்.

"நீயே சொல்லு" என்றார் துறைத் தலைவர்.

அவள் சொன்ன வரி விதியின் முற்றுப்புள்ளிக்குப் பின்னால் ஏறியது: "பயன்படும் கருவியை அந்த ஊரிலேயே விட்டு, அதை ஓட்ட ஊராருக்குக் கற்றுத் தந்த பின்பே பட்டம்."

நிலோஃபர் படியிறங்கிப் போய்க்கொண்டிருந்தாள். விதி அவள் முதுகைப் பார்த்து நன்றி சொன்னது. அவளுக்கு அது கேட்கவில்லை. தன்னை முதலில் எழுதியவர் யாரென்று விதிக்கு இன்றுவரை தெரியாது. முழுதாக எழுதியவளின் பெயர் தெரியும்.