ராஜா நீரூற்றிய கிண்ணச்செடி

பாய்மரக் கப்பல்கள் வந்துபோன காலம் கண்ணுகளா. சங்குமுனைப் பட்டினத்தை மாறவேள் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார்.

கடல் கடந்து வந்த வணிகர் ஒருவர் அவருக்கு ஒரு தொட்டிச் செடி கொடுத்தார். தாழை மாதிரி இலைகள். எல்லாம் அடியில் நெருக்கமாகச் சேர்ந்து, நடுவில் கிண்ணம் போலக் குழிந்திருந்தன. “நீரை இந்தக் கிண்ணத்தில் ஊற்று. வேர் நனைந்தால் அழுகிவிடும்” என்று தோட்டக்காரன் சாத்தனிடம் சொல்லிவிட்டு அவர் கப்பலேறினார்.

ராஜாவுக்கோ ஆசை தாங்கவில்லை. தினமும் தன் கையாலேயே செம்பு நிறைய நீரை வேரில் கொட்டினார்.

“வேண்டாம் மகாராஜா, அழுகிடும்” என்றான் சாத்தன்.

“என் கை பட்டா அழுகும்?” அவ்வளவுதான். சாத்தனை உப்பளத்துக்கு விரட்டினார்கள்.

செடி அவன் மனைவி காத்தாயி பொறுப்புக்கு வந்தது. இடுப்பில் பால்குடிப் பிள்ளை. அவள் வாயே திறக்கவில்லை. தொட்டியின் அடியில் ஓட்டை போட்டாள். ராஜா ஊற்றிய நீரெல்லாம் ஓடிப்போனது. அவர் தலை மறைந்ததும் கிண்ணத்தில் நீர் வார்த்தாள்.

செடி பிழைத்தது. நடுவிலிருந்து செக்கச்செவேல் என்று ஒரு பூவும் எழுந்தது.

“இது என் ஆட்சியின் பூ!” என்றார் ராஜா. “பௌர்ணமி விழாவுக்குச் சபையில் கொண்டுவந்து வை. இப்படியே இருந்தால் உன் புருஷன் வீட்டுக்கு வருவான். வாடினால் நீயும் அவனோடு உப்பு வாரு.”

பௌர்ணமி நெருங்க நெருங்கப் பூ மங்கியது. இலை நுனிகள் கருகின. அடியில் மட்டும் சின்னக் கன்றுகள் பச்சையாக எட்டிப் பார்த்தன. காத்தாயிக்குச் சோறு இறங்கவில்லை.

விழா அன்று காலை மந்திரி வந்தார். கையில் ஒரு சிமிழ் சிவப்பு அரக்குச் சாயம்.

“பூசிவிடு. ராஜா எட்ட நின்றுதான் பார்ப்பார். அந்தக் கன்றுகளையும் அறுத்து எறி. தாயை உறிஞ்சுவது அதுகள்தானே? புருஷன் வேண்டுமா, வேண்டாமா?”

வேண்டும்தான். காத்தாயி கத்தியை எடுத்தாள். ஒரு கன்றின் கழுத்தில் வைத்தாள். அப்போது இடுப்புப் பிள்ளை பசித்து அவள் மார்பில் முட்டியது. கை அப்படியே நின்றுவிட்டது.

சாயம் பூசாத செடியைத் தூக்கிக்கொண்டு சபைக்கு நடந்தாள்.

“என்ன இது?” என்றார் ராஜா.

“சாகுது மகாராஜா.” என்றாள் அவள். “வாழை மாதிரி, இதுவும் ஒரு தடவைதான் பூக்கும். இனி இருக்கிற உயிரெல்லாம் கன்றுகளுக்கு. அதுகள் தேறும்வரை இந்தக் கருகின தாய் இப்படியே நிற்கணும். இன்னொன்று... நீங்கள் வேரில் ஊற்றினதெல்லாம் நான் போட்ட ஓட்டை வழியாப் போயிடுச்சு.”

யாரோ களுக்கென்று சிரித்து, உடனே வாயைப் பொத்திக்கொண்டார்.

ராஜாவின் கை வாளுக்குப் போனது. பிறகு மந்திரியின் விரலைப் பார்த்தார். சிவப்புச் சாயம்.

“உமக்கு இது முன்பே தெரியுமா?”

“தெரியும் பிரபு.”

“பின் ஏன் சொல்லவில்லை?”

“சாத்தன் சொன்னானே பிரபு... எங்கே இருக்கிறான்?”

ராஜா வாளிலிருந்து கையை எடுத்தார். பிறகு மெல்லக் கேட்டார்: “எனக்குத் தெரியாமல் வேறு என்ன அழுகுகிறது?”

முதலில் களஞ்சியக்காரர் எழுந்தார். “நெல்லில் பூச்சி விழுந்துவிட்டது, பிரபு.”

அடுத்துத் தளபதி. “வடக்கு மதில் வெடித்திருக்கிறது, பிரபு.”

கடைசியில் ஏரிக்காவலர் அழுதேவிட்டார். “ஏரிக்கரையில் கசிவு, பிரபு. அடுத்த மழைக்கு ஊரே போய்விடும்.”

அன்று விழா இல்லை. ராஜா முதற்கொண்டு எல்லோரும் ஏரிக்கு மண் சுமந்தார்கள். ராஜா ஆளனுப்பியதால் சாயங்காலம் உப்பில் வெடித்த கால்களோடு சாத்தனும் வந்து மண் கூடையைத் தூக்கினான். காத்தாயி அவன் காலைப் பார்த்தாள், பிள்ளையை அவன் தோளில் வைத்தாள்.

அந்தக் கருகின செடி சபை நடுவிலேயே நின்றது. கன்றுகள் தனியாக வேர்விடும்வரை அதை எடுக்கச் சொல்ல ராஜாவுக்கு மனசு வரவில்லை. இப்போது அவரும் கிண்ணத்தில்தான் நீர் ஊற்றினார்.

ஆகவே பிள்ளைகளே, கெட்ட சேதி சொன்னவரைத் தண்டிக்கிறவருக்கு ஆபத்து வரும்போது, அதை அவரிடம் சொல்ல ஒருவரும் இருக்க மாட்டார்கள்.