வெள்ளிக்கிழமை நிற்காத தண்ணீர்

குருவுக்கு முப்பத்தெட்டு வயது. சீடருக்கு ஐம்பத்தொன்பது. குரு சீடரைச் 'சார்' என்று அழைப்பார். சீடர் குருவை 'அம்மா' என்பார். மரபுப்படி பார்த்தால் எல்லாமே தலைகீழ்.

குருவின் பெயர் அமலோற்பவம். மணப்பாட்டில் பிறந்தவர், கடலின் நீரோட்டத்தை அளப்பவர். சீடரின் பெயர் அம்பலவாணன். பொதுப்பணித் துறையில் முப்பது ஆண்டு வாய்க்கால் தண்ணீரை அளந்து ஓய்வு பெற்றவர். வாய்க்காலுக்கு இரண்டு கரை உண்டு, தண்ணீர் ஒரே பக்கம்தான் போகும். அது அலுத்துப்போய்க் கடலைக் கற்க வந்திருந்தார்.

படகில் ஏறினால் அவருக்கு வாந்தி வரும். இதை அவர் குருவிடம் சொல்லவில்லை.

இருவரும் அப்போது ஒரு வட்டத் தீவில் தங்கியிருந்தார்கள். பவளப்பாறை மோதிரம்போல் வளைந்து நடுவில் ஒரு கடலை அடைத்து வைத்திருந்தது. தீவுக்காரர்கள் அதை உள்கடல் என்பார்கள். கிழக்கே அலைகள் பாறைமேல் வழிந்து உள்ளே வரும். மேற்கே ஒரே ஒரு வாய், அதன் வழியாக வெளியேறும். இடையில் தண்ணீர் எங்கே சுற்றுகிறது, எங்கே நிற்கிறது என்பது யாருக்கும் தெரியாது.

அதைத் தெரிந்துகொள்ளும் அவசரம் முத்துச்சிப்பி வளர்ப்பவர்களுக்கு இருந்தது. போன வருடம் தெற்கு மூலையில் தண்ணீர் தேங்கிச் சிப்பிகள் அழுகின. அழுகல் பக்கத்துப் பண்ணைகளுக்கும் பரவியது. இந்த வருடம், தண்ணீர் நிற்கிற இடத்தில் யார் சிப்பிக் கயிறு கட்டியிருந்தாலும் அவிழ்த்து வேறிடம் கொண்டுபோக வேண்டும் என்று பண்ணையாளர் சங்கம் முடிவு செய்திருந்தது. எந்த இடம் என்பதை அளந்து சொல்ல வேண்டியது இவர்கள் வேலை. சனிக்கிழமை சங்கம் கூடுகிறது.

பாறைமேல் வழியும் நீரை அளக்க அமலோற்பவம் ஏழு வாரம் கிழக்குக் கரையில் கூடாரம் போட்டிருந்தார். உள்கடல் அம்பலவாணன் பொறுப்பு.

புதன்கிழமை குரு திரும்பி வந்தபோது சீடர் குறிப்பேட்டோடு வாசலில் நின்றார். முதல் பக்கத்தில் அளவுகோல் வைத்துச் சிவப்பு மையால் அடிக்கோடிட்ட தலைப்பு: 'உள்கடலில் நீர் தேங்கும் இடங்கள்.'

"கண்டுபிடிச்சுட்டேன் அம்மா."

"சாப்பிட்டீங்களா?"

"நாற்பத்தொன்பது நாள், நாளுக்கு ஒரு மிதவை. சிப்பி தொங்குற ஆழத்துத் தண்ணி இழுக்கட்டும்னு அடியில துணி கட்டி விட்டேன். நெய்னா காலையில கொண்டுபோய் விடுவார். மூணு மணி நேரத்துக்கு ஒரு தரம் அது எங்கே இருக்குன்னு ரேடியோவில வரும். மறுநாள் நெய்னா எடுத்துட்டு வந்துடுவார்."

நெய்னா தீவின் படகுக்காரர். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்பவர்.

"முப்பத்தொரு மிதவை ஒரே இடத்தில நின்னுடுச்சு" என்றார் அம்பலவாணன். "சுலைகா பண்ணையில. போகுது, போகுது, அந்தக் கயித்துக்கிட்ட வந்ததும் அப்படியே நிக்குது. செத்த தண்ணி. பக்கத்துலயே சங்கத் தலைவர் லெப்பைத்தம்பியோட பண்ணை. அவரோடதைவிடப் பெரிசு யாருக்கும் இல்லை. அங்கே ஒண்ணுகூட நிக்கல. தலைவர் கேட்டுட்டு, எங்க தண்ணி எப்பவுமே ஓட்டமான தண்ணின்னு சொன்னார்."

அமலோற்பவம் குறிப்பேட்டைப் புரட்டினார். நிதானமாகப் புரட்டினார். அதற்குள் சுலைகாவே வந்துவிட்டார்.

சுலைகா கணவரை இழந்தவர். பன்னிரண்டு கயிறும் இரண்டு வேலைக்காரர்களும் ஒரு படகும் வைத்துப் பண்ணை நடத்துபவர். தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் தொடங்கினார்.

"ஐயா, என் தண்ணி செத்துப்போச்சுன்னு நீங்கதான் சொன்னீகளா?"

"நான் சொல்லலம்மா. அளவு சொல்லுது."

"மணி வெச்சு இன்னையோட பதினோரு நாள். ஆறாயிரம் சிப்பி."

அம்பலவாணன் தலையசைத்தார். சிப்பியின் உடம்பைக் கீறி உள்ளே ஒரு சின்ன மணியை வைப்பார்கள். அதைச் சுற்றித்தான் முத்து வளரும். வைத்த பிறகு நாற்பது நாள் அசைக்கக் கூடாது. அசைத்தால் சிப்பி மணியைத் துப்பிவிடும், பாதி செத்தும் போகும்.

"பச்ச உடம்புக்காரிய எழுப்பி நடடீங்கிறீக" என்றார் சுலைகா.

"தேங்கின தண்ணியில விட்டா மொத்தமும் அழுகிடுமேம்மா. உங்களோட போகாது. மத்தவங்களுக்கும் பரவும்."

"காலைல பாங்கு சொல்லி முடிக்கும்போதே நான் படகுல இருக்கேன். கடைசியா கரையேறுறதும் நான்தான். தண்ணி நாறினா எனக்குத் தெரியாதா? எனக்கு மூக்கு இல்லையா?"

"மூக்கைச் சங்கம் ஒத்துக்காதும்மா."

சுலைகா அமலோற்பவத்தைப் பார்த்தார். அமலோற்பவம் குறிப்பேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுலைகா வந்த வேகத்திலேயே திரும்பிப் போனார்.

"எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு" என்றார் அம்பலவாணன். "ஆனா அளவை நம்பாம வேற எதை நம்புறது? நீங்களே சொல்லுங்க. ஒரு அளவை எப்போ நம்பலாம்?"

அமலோற்பவம் ஒரு பக்கத்தில் விரலை வைத்தார்.

"சார், வெள்ளிக்கிழமை மட்டும் தண்ணி ஏன் நிக்கல?"

"என்னது?"

"ஏழு வெள்ளிக்கிழமை. ஏழு மிதவையும் நிக்காம போய்க்கிட்டே இருந்திருக்கு."

அம்பலவாணன் எட்டிப் பார்த்தார். உண்மைதான். சற்று யோசித்து, "நிலவோட ஏற்றவற்றத்தில ஏழு நாளைக்கு ஒரு தரம் ஒரு மாற்றம் உண்டு" என்றார்.

"கடலுக்கும் ஜும்ஆத் தொழுகை உண்டுங்கிறீங்க."

சீடர் சிரிக்கவில்லை. அன்று மாலை முழுவதும் ஏற்றவற்ற அட்டவணையோடு போராடினார். ஒரு சூத்திரம் ஏறத்தாழப் பொருந்தியும்விட்டது. இம்மாதிரிச் சூத்திரங்கள் எப்போதுமே ஏறத்தாழப் பொருந்தும்.

வியாழக்கிழமை காலை இருவரும் படகுத்துறையின் கோடிவரை நடந்தார்கள். அம்பலவாணன் தலையில் அவருடைய தொப்பி. இலாகா நாட்களிலிருந்து கூட வருகிற தக்கைத் தொப்பி. தீவில் அப்படியொன்று வேறு யாரிடமும் இல்லை.

"சார், நேத்து ஒண்ணு கேட்டீங்களே."

"அளவை எப்போ நம்பலாம்னு."

அமலோற்பவம் கையை நீட்டித் தொப்பியை எடுத்தார். தூசி ஊதினார். கடலில் வீசினார்.

தொப்பி இரண்டு முறை சுழன்றது. பிறகு நிமிர்ந்து, ஒரு சின்ன அதிகாரிபோல மேற்கே புறப்பட்டுப் போனது.

"அம்மா!"

"எங்கே போகும்னு எழுதிவைங்க."

"அது இருபத்திரண்டு வருஷத் தொப்பி அம்மா."

"நேரத்தையும் குறிச்சுக்குங்க."

அவர் குறித்துக்கொண்டார். காற்றின் வேகம், நீரின் வேகம், தொப்பியின் வட்டம் எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டார். நாளை நண்பகல், தெற்கு மூலை என்று வந்தது. வெயிலில் வெறுந்தலையோடு வீட்டுக்கு நடந்தார்.

பிற்பகல் அஸர் தொழுகை முடிந்து சிறிது நேரம் இருக்கும். வாசல் ஆணியில் தொப்பி தொங்கியது.

உப்புக் கறை இல்லை. நல்ல தண்ணீரில் அலசி, வெயிலில் காயவைத்து, நாடாவைக்கூட நீவிவிட்டிருந்தார்கள். அந்தத் தீவில் நல்ல தண்ணீர் மழையிலிருந்துதான் வரும். குடம் பார்த்துச் செலவழிப்பார்கள்.

அம்பலவாணன் தொப்பியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எந்த நீரோட்டம் சார் கொண்டுவந்தது?" என்றார் அமலோற்பவம்.

"மேற்குக் காற்று திரும்பி..." என்று அம்பலவாணன் தொடங்கினார். பிறகு நிறுத்தினார். ஆணியைப் பார்த்தார். தொப்பியைப் பார்த்தார். செருப்பை மாட்டிக்கொண்டு படகுத்துறைக்கு ஏறக்குறைய ஓடினார்.

நெய்னா வலைக்கூடைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார்.

"நெய்னா, என் தொப்பி எப்படி வந்துச்சு?"

"சுலைகா லாத்தா எடுத்தாந்துச்சு. தண்ணில கெடந்துச்சாம்."

"என் மிதவைங்க... அதெல்லாம் அவங்க பண்ணையில எப்படி இருந்துச்சு?"

"கட்டிக் கெடக்கும்."

"கட்டியா? யார் கட்டினது?"

"லாத்தாதான். இல்லாட்டி அதோட ஆளுங்க. அத்துக்கிட்டு வந்த மிதவைக்கு அடியில யார் வீட்டுச் சிப்பியோ தொங்கும்ல? கண்ணுல பட்டா கிட்ட இருக்க கயித்துல ஒரு முடிச்சுப் போட்டு வைக்கணும். உடையவுக வந்து அவுத்துக்குவாக. வெள்ளிக்கிழமை யாரும் படகு எறக்கமாட்டோம். நானும் விடியமுன்ன உங்க மிதவைய விட்டுப்புட்டு வந்துருவேன்."

"ஏழு வாரம்! ஒரு வார்த்தை சொல்லலாமே?"

"எங்க கெடந்துச்சுன்னு கேட்டீக. சொன்னேன். எப்படிக் கெடந்துச்சுன்னு ஒருநாளும் கேக்கலியே. படகுக்கும் ஒருநாளும் வரலை."

அம்பலவாணன் தொப்பியை அணிந்துகொள்ளாமல் கையிலேயே வைத்துக்கொண்டு திரும்பினார்.

"அப்போ அங்கே தண்ணி ஓடுது, அம்மா" என்றார்.

"அதுவும் தெரியாது சார். இதுவரைக்கும் யாரும் பார்க்கல."

"நாளைக்கு வெள்ளிக்கிழமை."

"ஆமா."

"நான் படகில போறேன்." சற்றுத் தயங்கினார். "எனக்கு வாந்தி வரும், அம்மா."

"தெரியும் சார். பையில எலுமிச்சம்பழம் இருக்கு."

வெள்ளிக்கிழமை ஆண்கள் பள்ளிவாசலில் இருந்தார்கள். உள்கடலில் ஒரு படகும் இல்லை. அமலோற்பவம் துடுப்புப் போட்டார். அம்பலவாணன் இரண்டு முறை மரியாதையாக முகத்தைத் திருப்பிக்கொண்டு வாந்தி எடுத்தார். பிறகு சுலைகாவின் கயிறுகளுக்குக் கிழக்கே மிதவையைத் தம் கையாலேயே இறக்கினார்.

வீட்டில் உட்கார முடியாமல் சுலைகாவும் வந்திருந்தார். ஆறாவது கயிற்றின் நடுவில், சின்னத் தோணியில், முக்காட்டின் நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மிதவை ஆறாவது கயிற்றுக்கும் ஏழாவது கயிற்றுக்கும் நடுவிலிருந்த சந்துக்குள் நுழைந்தது. அசைகிறதா, நிற்கிறதா என்று கண்ணுக்குத் தெரியாத வேகம். அம்பலவாணன் கரையிலிருந்த ஒரு தென்னையையும் கயிற்றின் ஒரு முடிச்சையும் நேராகப் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அரை மணி நேரத்துக்குப் பிறகு மிதவை சுலைகாவின் தோணிக்கு ஒரு முழம் பக்கத்தில் வந்தது.

சுலைகாவின் வலக்கை தானாக நீண்டது. விரல்கள் மிதவையின் வளையத்துக்கு மேலே வந்துவிட்டன.

"லாத்தா" என்றார் அமலோற்பவம். சத்தமாகச் சொல்லவில்லை.

கை அப்படியே நின்றது. பிறகு சுலைகா இடக்கையால் வலக்கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டார். மிதவை அவரைக் கடந்து போகும்வரை விடவில்லை.

"யாரோடதோ போகுதுன்னு பாத்துக்கிட்டுச் சும்மா இருக்கிறது என்ன வேதனைடி" என்றார்.

இருநூறு மீட்டர்ச் சந்தை மிதவை ஒரு மணி இருபது நிமிடத்தில் தாண்டியது. நிற்கவில்லை. மேற்கே வாயை நோக்கிப் போய்க்கொண்டே இருந்தது. இன்னும் மூன்று மிதவைகளை மூன்று சந்துகளில் விட்டார்கள். அவையும் நிற்கவில்லை.

சனிக்கிழமை சங்கத்தில் அம்பலவாணன் எழுந்து நின்று, ஏழு வாரமும் தாம் அளந்தது தவறு என்றார். முப்பது ஆண்டு இலாகா வாழ்க்கையில் அவர் வாயிலிருந்து வராத வாக்கியம் அது. வெள்ளிக்கிழமை அளவுகளைப் படித்தார். தலைவர் லெப்பைத்தம்பி இரண்டு கேள்வி கேட்டார், பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார். சுலைகாவின் கயிறுகள் இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்று முடிவாயிற்று.

வீட்டுக்கு வந்ததும் அம்பலவாணன் குறிப்பேட்டைக் கொண்டுவந்து குருவின் முன் வைத்தார்.

"வெள்ளிக்கிழமைப் பக்கங்களைத் தனியா எடுத்துட்டேன். மீதி நாற்பத்திரண்டு நாளும் குப்பை. கிழிச்சுடட்டுமா அம்மா?"

அமலோற்பவம் தேநீரைக் கீழே வைத்தார். மிதவைகள் நின்ற இடங்களைப் பண்ணை வாரியாகக் கூட்டி எழுதியிருந்த கடைசிப் பக்கத்தை எடுத்து வாய்விட்டு வாசித்தார்.

"சுலைகா, முப்பத்தொண்ணு. ஹபீப் முகம்மது, ஆறு. கதீஜா நாச்சி வீடு, அஞ்சு. சங்கத் தலைவர் லெப்பைத்தம்பி..."

அவர் விரல் அந்த வரியில் நின்றது. அம்பலவாணன் குனிந்து பார்த்தார். அவர் கையெழுத்தில், அழகான, உருண்டையான ஒரு பூஜ்யம்.

அமலோற்பவம் குறிப்பேட்டை மூடி, 'நீர் தேங்கும் இடங்கள்' என்றிருந்த முதல் பக்கத்தைத் திறந்து, அவர் பக்கம் திருப்பி வைத்தார்.

"கிழிக்காதீங்க சார். அளவெல்லாம் சரிதான். தலைப்பை மட்டும் மாத்துங்க."