சி-யில் ஒன்றுமில்லை

குரு என்றால் தாடி வேண்டும், சீடன் என்றால் மீசை அரும்பும் வயது வேண்டும் என்று நினைப்பவர்கள் கோவில்பட்டி மார்க்கெட் ரோட்டுப் பக்கம் வரவேண்டாம். அங்கே ஒரு மாடியில் கம்ப்யூட்டர் சரிபார்க்கும் கடை இருக்கிறது. குரு சபூராவுக்கு முப்பத்தெட்டு வயது. சீடர் பொன்னுத்துரைக்கு ஐம்பத்தாறு. நூல் மில்லை மூடியதும் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு இவளிடம் வந்து தொழில் கற்றுக்கொண்டவர். அவர் அவளை 'டீச்சர்' என்பார், அவள் அவரை 'அண்ணாச்சி' என்பாள்.

புதன்கிழமை காலை கடை திறந்த கையோடு வீரபாகு படியேறி வந்தார். ஓய்வு பெற்ற தபால்காரர், எழுபதை நெருங்குகிறவர். கம்ப்யூட்டர் பெட்டியைப் பழைய வேட்டியில் சுற்றி மார்போடு அணைத்துத் தூக்கிவந்திருந்தார்.

"தம்பி, எம் மக சத்தத்தைக் காணோம்" என்றார்.

பொன்னுத்துரைக்கு விளங்கவில்லை. முந்தின நாள்தான் அவர் வீட்டுக்குப் போய், பழசை அழித்துவிட்டு, கம்ப்யூட்டரை இயக்கும் புது ஓ.எஸ். போட்டுக் கொடுத்திருந்தார். ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. பெரியவர் கையால் காப்பி வாங்கிக் குடித்துவிட்டுத்தான் கிளம்பினார்.

"என்ன சத்தம்யா?"

வீரபாகு நாற்காலியில் உட்கார்ந்து சொன்னார். நிறுத்தி நிறுத்திச் சொன்னார். ஒரே மகள், அனுசுயா. கட்டிக்கொடுத்த இடத்தில் அடி, உதை. கதவைச் சாத்திக்கொண்டு அப்பாவின் போனுக்குப் பேசிப் பேசி அனுப்புவாள். யார் அடித்தார்கள், எதனால் அடித்தார்கள், எங்கே பட்டது, எல்லாம் அதில் இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு நாள் பிணமாகத்தான் வந்தாள். வயிற்றுவலி தாங்காமல் தூக்கு மாட்டிக்கொண்டாள் என்று அந்த வீட்டார் சொன்னதையே போலீசார் எழுதிக் கேஸை மூடிவிட்டார்கள். பெரியவர் விடவில்லை. மறுபடி விசாரிக்கச் சொல்லிக் கோர்ட்டுக்குப் போயிருக்கிறார். அந்தப் போன் பழுதாகிப் போவதற்குள் மைத்துனர் மகன் குரல்களை எல்லாம் கம்ப்யூட்டருக்கு மாற்றிக் கொடுத்திருந்தான்.

"நாளைக்குத் தேதி. குரல் இருந்தா கேஸ் நிக்கும், இல்லாட்டி நம்ம கையில ஒண்ணுமில்லன்னு வக்கீல் சொல்லியிருக்காரு. பென் டிரைவ்ல கொண்டாங்கன்னாரு. எங்க பெட்டி அதைத் திறக்கவே மாட்டேன்னுச்சு. அதுக்குத்தானே தம்பி உங்களைக் கூப்பிட்டேன்."

பொன்னுத்துரையின் முகம் செத்துப்போயிற்று. சபூராவைப் பார்த்தார்.

"டீச்சர், நான் கேட்டேன். கேக்காம அழிக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க? ரெண்டு தடவை கேட்டேன். சி டிரைவ்ல ஏதும் வச்சிருக்கீங்களான்னு. இல்லைன்னாரு. டி-யில கைகூட வைக்கல. இதுல தப்பு யார் மேல?"

சபூரா பெரியவர் பக்கம் திரும்பினாள்.

"அய்யா, சி-யில என்ன வச்சிருந்தீங்க?"

"சி-யில ஒண்ணும் வைக்கலியேம்மா."

"மக சத்தம் எங்க இருந்துச்சு?"

"முன்னாலதான். போட்டதும் வரும்லா, அதுல. இடது பக்கத்து ஓரத்துல மஞ்சள் கவர் மாதிரி ஒண்ணு. தினமும் காலையில திறந்து ஒண்ணு கேப்பேன்."

அவர் பொய் சொல்லவில்லை. திரையில் தெரிவதும் சி என்ற பெயருள்ள பகுதிக்குள்தான் கிடக்கிறது; புது ஓ.எஸ். போடும்போது அழிவது அந்தப் பகுதிதான், பக்கத்து டி-க்கு ஒன்றும் ஆகாது. தொழிலில் இருப்பவனுக்கு இது தன் மூக்கு இருக்கும் இடம் மாதிரி, யோசிக்கவே வேண்டாம். வெளியே இருப்பவருக்குத் திரை திரைதான், சி என்பது எங்கோ உள்ளே இருக்கும் இன்னொன்று. பெரியவரும் தம் மகள் அழுத சத்தத்தை ஓ.எஸ். போட வந்தவரிடம் எடுத்துச் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. எப்படிச் சொல்வார்?

"தேடிப் பாப்போம்" என்றாள் சபூரா.

பெட்டியைத் திறந்து டிஸ்க்கைக் கழற்றித் தன் கம்ப்யூட்டரில் மாட்டினாள். அழிந்ததைத் தோண்டியெடுக்கும் மென்பொருள் ஒன்று அவளிடம் உண்டு. அழித்த இடத்தின் மேல் வேறொன்றை எழுதாதவரை பழையது அடியில் கிடக்கும். பொன்னுத்துரைக்கும் அது தெரியும். அதனால்தான் அவர் வாயில் சொல்லிவிட முடியாத ஏதோ ஒன்றை மென்றுகொண்டு நின்றார்.

மென்பொருள் மெல்ல ஓடியது. டீ வந்தது, யாரும் தொடவில்லை. வீரபாகு எழுந்துபோய் சபூராவின் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டார். மதியத் தொழுகைக்குப் பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் நேரத்தில் பெயர்கள் வரத் தொடங்கின.

அனு 1. அனு 2. அனு 3.

"இதான், இதான்மா" என்றார் பெரியவர். அனு 43 வரை வந்து நின்றது. நாற்பத்து மூன்றும் வந்துவிட்டது என்று அவர் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார். யாரைக் கும்பிட்டார் என்று தெரியவில்லை. பொன்னுத்துரை இருக்கும் திசையில்தான் கும்பிட்டார்.

சபூரா அனு 1-ஐத் திறந்தாள்.

ஒரு பழைய சினிமாப் பாட்டு பாடியது. நடுவில் எங்கோ ஆரம்பித்து, ஓர் ஆணும் பெண்ணும் சந்தோஷமாகப் பாடினார்கள்.

அனு 2-இல் வேறு பாட்டு. அனு 3-இல் வயலின். சில திறக்கவில்லை. சிலவற்றில் வெறும் இரைச்சல். பெரியவர் ஒவ்வொன்றுக்கும் தலையை முன்னே நீட்டிக் கேட்டார். பாட்டுக்கு அடியில் எங்காவது மகள் பேசுவாள் என்று அவர் எண்ணியிருக்க வேண்டும். அனு 43 வரைக்கும் அப்படியே கேட்டார். சபூராவும் ஒன்றைக்கூட விடாமல் திறந்தாள். அது பெரியவருக்குக் காட்டிய மரியாதையா, தனக்கே கொடுத்துக்கொண்ட தண்டனையா, சொல்லத் தெரியவில்லை.

"இது அவ இல்லியேம்மா" என்றார் கடைசியில்.

"இல்லைய்யா. பேருதான் அவளுது. அந்த எடத்துல வேற எழுதியாச்சு."

"இன்னும் ஆழமாத் தேடினா?"

"எங்க தேடினாலும் கிடைக்காது. உங்ககிட்ட பொய் சொல்ல மாட்டேன்."

வீரபாகு மேசையில் கிடந்த வேட்டியை எடுத்து மடித்தார். தபால்காரரின் மடிப்பு, விளிம்போடு விளிம்பு சேர்த்து.

"அப்ப நாளைக்கு நான் என்னத்தைக் கொண்டுபோறது?" என்று கேட்டார்.

கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருக்கலாம். வழி கேட்பவர் போல் கேட்டார். அவர் பெட்டியை அங்கேயே விட்டுவிட்டுப் படியில் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனார்.

அவருடைய செருப்புச் சத்தம் ஓயும்வரை பொன்னுத்துரை அசையவில்லை. பிறகு சொன்னார்.

"அது நான் போட்ட பாட்டு, டீச்சர். ஓ.எஸ். போட்டா சும்மா வெறும் பெட்டியாக் குடுக்க மனசு வராதுல்லா. அய்யா தனியா இருக்காரு, கேட்டுக்கிட்டு இருக்கட்டும்னு ஆயிரம் பாட்டு, கொஞ்சம் படம் ஏத்தினேன். அவரு கேக்கல, நானாத்தான் குடுத்தேன்."

"தெரியும்" என்றாள் சபூரா. ஓ.எஸ். போடுகிறவர்கள் எல்லாரும் அப்படி ஏற்றிக் கொடுப்பதுண்டு. அவளும் கொடுத்திருக்கிறாள்.

"நான் கெட்டது நினைக்கல. கேட்டுட்டுத்தான் அழிச்சேன். அவரே இல்லைன்னாரு." அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "டீச்சர், நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் செஞ்சது தப்பா?"

சபூரா டிஸ்க்கைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்து, நான்கு திருகாணியையும் முடுக்கினாள். அவசரப்படவில்லை. பிறகு கேட்டாள்.

"பாட்டெல்லாம் எங்க வச்சீங்க அண்ணாச்சி?"

"ஸ்கிரீன்ல."

"டி-யில எவ்வளவோ எடம் கிடந்துச்சே. வழக்கமா அங்கதானே வைப்பீங்க?"

"வைப்பேன். அய்யா டி-யெல்லாம் திறந்து தேட மாட்டாரு, டீச்சர். அவருக்கு சி-யும் தெரியாது, டி-யும் தெரியாது. கண்ணு முன்னால ஸ்கிரீன்ல இருந்தாத்தான் அவருக்கு…"

பொன்னுத்துரை நிறுத்தினார்.

"சொல்லி முடிங்க, அண்ணாச்சி" என்றாள் சபூரா.

அவர் முடிக்கவில்லை.